மாரி இருட்டில் மகளைப் படமெடுக்க வாங்கிய 50 எம்.எம். லென்ஸ்

மகள் பிறந்தது கார்த்திகை மாதம். கிளிநொச்சியில் மாரி விடாமல் பெய்யும் நாட்களில் காலை பதினொரு மணிக்கும் வீட்டுக்குள் லைற் போட வேண்டியிருக்கும். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. பிள்ளை கிடக்கும் அறை பத்துக்குப் பத்து அடி; ஒரேயொரு யன்னல், அதற்கும் நுளம்பு வலை அடித்திருக்கிறோம். முதல் மூன்று கிழமையும் நான் எடுத்த படங்களில் பாய் தெளிவாக இருக்கும், தலையணைப் பூ தெளிவாக இருக்கும், பிள்ளையின் முகம் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோலக் கலங்கியிருக்கும்.

இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. என்னுடைய குழந்தைப் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. 2009இல் இடம்பெயர்ந்து போகும்போது விட்ட சாமான்களோடு அல்பமும் போய்விட்டது. "உனக்கும் இதே இடத்திலதான் கன்னத்தில குழி விழுறது பிள்ளை" என்று அம்மா மகளைத் தூக்கும்போதெல்லாம் சொல்லுவா. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு படம் இல்லை. அதனால் மகளின் படமாவது கலங்காமல் இருக்க வேண்டும் என்று நின்றேன்.

கமரா பழைய கெனன் 1300டி. வவுனியாவில் கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒருவர் புதியது வாங்கியபோது இதை எனக்குத் தந்தார். கூட வந்தது 18-55 லென்ஸ், 18 எம்.எம். இலிருந்து 55 எம்.எம். வரை இழுத்து நெருக்கிப் பார்க்கக்கூடியது. குறை கமராவில் இல்லை, லென்ஸில்தான் என்று சொன்னவரும் அவர்தான். அந்த லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வாய் பெரிதாகத் திறக்கும்; 50 எம்.எம். லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெனனில் இதே அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் உண்டு. நான் கண்டவை இரண்டு. 1990இல் வந்தது பழையது. 2015இல் வந்தது எஸ்.ரி.எம். என்ற சத்தம் குறைந்த மோட்டார் உள்ள புதியது. முதலில் ஒரு கடையில் எனக்குப் பழையதைப் புதியது என்று சொல்லித் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பொருத்தி, ஏணையில் நித்திரை கொண்ட பிள்ளையை நோக்கிப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே மோட்டார் 'கிர்ர்' என்று சுற்றிய சத்தத்தில் மகள் திடுக்கிட்டு எழும்பி அழத் தொடங்கிவிட்டாள். "நித்திரைப் பிள்ளையைப் படமெடுக்காதை, நாவூறு படும் எண்டு சொன்னனானெல்லோ" என்றா அம்மா. அடுத்த நாளே மாற்றிக்கொண்டு வந்தேன். லென்ஸின் உடம்பில் எஸ்.ரி.எம். என்ற எழுத்து இருக்கிறதா, கமராவில் பூட்டும் வளையம் உலோகமா என்று பாருங்கள். பழையதில் அது பிளாஸ்ரிக். புதியதில் மோட்டார்ச் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் மெல்லக் கேட்கும். 35 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம், பழையதில் 45. பிள்ளையின் விரல் நகத்தை எடுக்க ஆசைப்படும்போது அந்தப் பத்து சென்ரிமீற்றரின் அருமை தெரியும்.

சரி, பூட்டின உடனே படம் தெளிந்துவிட்டதா? இல்லை. முதல் நாள் எஃப் 1.8இல் வைத்தே எல்லாவற்றையும் எடுத்தேன். மூக்கு நுனி பளிச்சென்று இருக்கும், கண் மங்கியிருக்கும். வாய் பெரிதாகத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் குறையும். ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து எஃப் 1.8இல் எடுத்தால் அந்த ஆழம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர்தான். இன்னும் கிட்டப் போனால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடும். குழந்தையின் முகத்தில் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையிலேயே அது தீர்ந்துபோகும். அதனால் இப்போது எஃப் 2 அல்லது 2.2இல் வைக்கிறேன். பொக்கஸ் புள்ளிகளைக் கமரா தன் பாட்டில் தெரிவு செய்ய விடுவதில்லை. நடுப்புள்ளியை மட்டும் வைத்து, எனக்குக் கிட்ட இருக்கும் கண்ணில், இமை மயிரின் கரையில் பிடிக்கிறேன். அந்தக் கண் தெளிந்தால் போதும், மற்றது கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர் கண் அங்கே போகாது.

அடுத்தது ஷட்டர், அதாவது கமராவின் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. 1/15 என்றால் ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு. என்னிடம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படம் இருக்கிறது. இரண்டிலும் ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600. 18-55 லென்ஸில் எஃப் 5.6, ஷட்டர் 1/15: மகளின் கை இருந்த இடத்தில் ஒரு புகைதான் தெரிகிறது. 50இல் எஃப் 2, ஷட்டர் 1/125: ஐந்து விரலும் தெரிகிறது, உள்ளங்கையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துரும்புகூடத் தெரிகிறது. நித்திரையில் 1/60 போதும். ஆனால் இந்த லென்ஸில் கையாட்டத்தைச் சமாளிக்கும் வசதி இல்லை, ஆகவே முழங்கையைச் சுவரிலோ கட்டிலிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். காலை உதைத்து விளையாடும் நேரம் 1/125க்குக் கீழே இறங்கவே வேண்டாம். வெளிச்சம் காணாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றுங்கள். படத்தில் குறுணி குறுணியாக நொய்ஸ் வரும், வரட்டும். குறுணி உள்ள படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இரவில் வேறொரு பிரச்சினை வந்தது. எங்கள் அறையில் மலிவு எல்.ஈ.டி. குமிழ். வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி பட்டியாக விழுந்தது. லென்ஸ் பழுதாக்கும் என்று பயந்துபோனேன். பிறகுதான் விளங்கியது: நம்முடைய கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று, அதனால் குமிழ் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. இந்தக் குமிழ் வெளிச்சத்தில் மட்டும் 1/125ஐ விட்டு ஷட்டரை 1/100இல் வைத்தால் ஒரு முழு மங்கலும் ஒளிர்வும் உள்ளே அடங்கிவிடும், பட்டி போய்விடும்.

ஆனால் பகலில் அந்தக் குமிழை அணைத்துவிடுங்கள். யன்னல் வெளிச்சமும் குமிழ் வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். எங்கள் அறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்திருக்கிறது. அதுவும் சேர்ந்து பிள்ளைக்குக் காமாலை வந்த மாதிரிக் காட்டியது. விறாந்தைக்குக் கொண்டுபோனால் முற்றத்துக் கிரவல் தன் சிவப்பைக் கீழிருந்து எறிகிறது. இதற்கு மருந்தாக வந்தது அப்பாவின் வெள்ளை வேட்டி. பாயை யன்னலுக்கு ஓரமாக இழுத்து, வெளிச்சம் பிள்ளையின் ஒரு பக்கத்தில் சரிந்து விழ விட்டு, மற்றப் பக்கம் ஒரு கதிரையில் வேட்டியை மடித்துத் தொங்கவிட்டேன். பச்சை மறைந்தது, இருண்ட கன்னத்திலும் மெல்லிய வெளிச்சம் ஏறியது, கண்மணிக்குள் யன்னல் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. லென்ஸுக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று எனக்குப் பட்ட நேரம் அதுதான். கமராவில் இருக்கும் பிளாஷை நான் பாவிப்பதே இல்லை. அது முகத்தைத் தட்டையாக்கி, பின்சுவரில் கரிய நிழலை ஒட்டிவிடுகிறது.

குறைகளும் உண்டு. 1300டி மாதிரிச் சின்னச் சென்சர் கமராவில் 50 என்பது 80 எம்.எம். போல நெருக்கிக் காட்டும். பாயில் கிடக்கும் பிள்ளை முழுதாக விழ ஒன்றரை மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். அம்மா மடியில் வைத்திருப்பதை எடுக்கப்போனால் என் முதுகு அலுமாரியில் முட்டுகிறது. அப்பம்மா, அம்மம்மா, மாமா என்று நாலுபேர் சேர்ந்தால் அறைக்குள் சரிவராது, விறாந்தைக்குத்தான் போக வேண்டும். உங்கள் அறையும் சின்னது, முழுக் குடும்பமும் வேண்டும் என்றால் கெனனின் 24 எம்.எம். எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள். ஆனால் வெளிச்சம் இதன் பாதிக்கும் குறைவாகத்தான் வாங்கும். முகத்துக்கு என்றால் நான் 50ஐத்தான் சொல்லுவேன். இன்னொன்று, பொக்கஸ் செய்யும்போது லென்ஸின் முன்குழாய் வெளியே நீளும். மகள் இப்போது எட்டிப் பிடிக்கிற வயது, அந்தக் குழாயில்தான் கை போகிறது. அதைக் காக்கும் மூடுவளையத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள்.

விலையை எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது மாறியிருக்கும். கெனன் லென்ஸுகளில் மலிவானவற்றில் இது ஒன்று, பாவித்ததும் கிடைக்கும்.

துடக்குக் கழிவு அன்று அம்மா மகளைத் தோய வார்த்து, கறுத்தப் பொட்டு வைத்து, யன்னலடியில் வைத்திருந்த படம் ஒன்று உண்டு. எஃப் 2.2, 1/125, ஐ.எஸ்.ஓ. 1600. கன்னத்துக் குழி தெளிவாக விழுந்திருக்கிறது. அதில் மூன்று பிரதி அடித்தேன். ஒன்று எங்கள் சுவரில், ஒன்று வவுனியாவில் சித்தி வீட்டில், மற்றது கனடாவில் இருக்கும் அண்ணாவிடம்.