ஜாலான் பசார் அகச்சிவப்பு சென்சார்: பொம்மை கார் வேகமானிக்குப் போதுமா?

கோலாலம்பூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் புடு ஜாலான் பசார்தான். அங்கே சில வெள்ளிக்குக் கிடைக்கும் எஃப்சி-51 சென்சார் (அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புவதை உணர்வது) இரண்டு, ஆர்டுவினோ ஊனோ என்ற சிறிய நிரலாக்கப் பலகை ஒன்று. வேகமானிக்கு இவ்வளவே போதும்.

தடத்தின் ஓரமாக, 20 செ.மீ. இடைவெளியில் சென்சார்களைப் பொருத்துங்கள். கார் எதிரே வந்ததும் சென்சாரின் அவுட்புட் மின்னழுத்தம் தாழும். அந்த வயர்களை ஊனோவின் 2, 3ஆம் பின்களில் இன்டரப்டாக (சிக்னல் வந்த உடனே மற்ற வேலையை நிறுத்திக் கவனிக்கும் முறை) இணைத்து, மைக்ரோவினாடிகளை எண்ணும் மைக்ரோஸ் கட்டளையால் நேரத்தைப் பிடிக்கலாம். இரண்டு சென்சாரையும் கடக்க 0.1 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7.2 கி.மீ. இன்டரப்ட் இல்லாமல், சாதாரண லூப்பில் எல்சிடி திரைக்கு எழுதிக்கொண்டே சென்சாரைப் பார்த்தால் நேரம் தவறும்.

இந்தச் சென்சாரின் உண்மையான பலவீனம் அதன் நீல ட்ரிம்மர், அதாவது உணரும் தூரத்தை மாற்றும் திருகு. இரண்டையும் ஒரே தூரத்துக்குத் திருகாவிட்டால் ஒன்று காரை முந்தியே உணர்ந்துவிடும். 1 செ.மீ. முந்தினாலே 5 சதவீதப் பிழை! சென்சார்களை இடம் மாற்றி, அதே சரிவில் அதே உயரத்திலிருந்து காரை விடுங்கள். அளவு மாறினால் ட்ரிம்மர்தான் குற்றவாளி. கறுப்பு கார் அகச்சிவப்பை விழுங்கிவிடும், பக்கவாட்டில் வெள்ளைக் காகிதம் ஒட்டினால் சரி. ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் ரிசீவர் திணறும்.

சிறுவர் பந்தயத்துக்குத் தாராளமாக வாங்கலாம். துல்லியம் வேண்டுவோர் அகச்சிவப்பு எல்இடியையும் ஒளியை உணரும் போட்டோ டிரான்சிஸ்டரையும் தடத்தின் இருபுறமும் எதிரெதிரே வைக்கட்டும்; கார் அந்த ஒளியை மறைக்கும்போது நேரம் பதிவாகும். காரின் நிறம் அங்கே பொருட்டே இல்லை.