"ரொம்ப சாது" என்று சொல்லி ஆமைக்குட்டி விற்றால் வாங்காதீர்கள்

மஸ்க் ஆமை, அதாவது பயந்தால் நாற்றம் விடுகிற சின்ன நன்னீர் ஆமை. அதன் குட்டியை வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்தது "சாது" என்ற ஒரே சொல்லில்.

தொட்டியில் ஏழெட்டுக் குட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் இருக்கும். கையைக் கண்டதும் எல்லாம் அடியில் போய் ஒளிந்தன. ஒன்று மட்டும் ஓரமாக மிதந்துகொண்டே இருந்தது. விற்றவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்க, கடிக்கவே கடிக்காது. பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு இதுதான் சரி." சின்னக் கிண்ணம் போதுமாம், விளக்கு கிளக்கு எதுவும் வேண்டாமாம், காய்ந்த இறால் போட்டால் போதுமாம், இதற்குமேல் வளராதாம். அத்தனையும் பொய். வளர்ந்தால் 8 முதல் 13 சென்டிமீட்டர் வரை வரும், 30 வருடங்களுக்கு மேலும் வாழும். பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். ஆமையிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றுகிற சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமிக்குப் பயந்து 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975லேயே தடை போட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு மூக்கில் குமிழி. உடம்பு ஒருபக்கம் சாய்ந்து மிதந்தது. இமை வீங்கி ஒரு கண் திறக்கவே இல்லை. மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: நுரையீரல் தொற்று, கூடவே வைட்டமின் ஏ குறைபாடு, இது இரண்டு நாளில் வந்ததில்லை.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "நீங்க தண்ணிய மாத்தியிருப்பீங்க. உயிருள்ள பொருளுக்கெல்லாம் கேரண்டி கிடையாது." பொருளாம்! அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பிறகு எல்லாம் மருத்துவர் சொன்னபடி. தண்ணீர் 26 டிகிரி. இது நீந்துவதைவிடத் தண்ணீருக்கு அடியில் நடக்கிற ஜாதி. அதனால் அடியில் நின்று கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வருகிற அளவுக்குத்தான் ஆழம். ஏறி உட்கார ஒரு மரக்கட்டை, மேலே யூவிபி விளக்கு, அதாவது வெயில் போலப் புற ஊதா ஒளி தருகிற விளக்கு. இறாலை நிறுத்திவிட்டு ஆமைக்கான பெல்லட் என்ற குருணைத் தீனியும் நறுக்கிய மண்புழுவும் கொடுத்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை முன்காலில் ஊசி. அந்தக் காலே தீக்குச்சி அளவுதான்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். காலை உதற வேண்டும், கண் இரண்டும் திறந்திருக்க வேண்டும். தண்ணீரில் சமமாக மிதக்கிறதா, நினைத்தால் அடிக்குப் போகிறதா என்று கவனியுங்கள். உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். முட்டையை விட்டு முழுசாக வெளியே வருமுன்பே எதிரிமேல் நாற்றம் விடத் தெரிந்த இனம் இது. அதில் ஒன்று உள்ளங்கையில் பேசாமல் கிடக்கிறது என்றால் அதற்குத் தெம்பில்லை.

மூன்றாம் வாரம், ஊசிக்காக ஓட்டின் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு தூரம் கழுத்து எட்டும் என்று நினைக்கவில்லை. விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கூடவே அந்த நாற்றம், இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.