கார்பன் மடக்குக் கோல்: 330 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குத் தாங்குமா?

இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் 2010 முதல் நடக்கும் ஓட்டம் டோர் தே ஜெயான். கூர்மாயரில் கிளம்பி அங்கேயே வந்து சேர வேண்டும். தூரம் ஏறக்குறைய 330 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 24,000 மீட்டர், கெடு 150 மணி நேரம். இப்படிப்பட்ட ஓட்டத்தில் காலுக்கு அடுத்து அதிகம் உழைப்பது ட்ரெக்கிங் கோல்தான். மூன்றாக மடங்கும் கார்பன் கோலைப் பல பருவங்கள் பயன்படுத்தியதில் தெரிந்தது இது: ஏற்றத்துக்கு அருமையான கோல், ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை மட்டும் நம்பக்கூடாது.

இந்தப் பாதையில் வரும் 3,299 மீட்டர் உயர லோசோன் கணவாய்க்கு ஏறும்போது எடைக்குறைவின் அருமை தெரியும். பல கார்பன் ஜோடிகள் 300 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு எட்டுக்கும் கையைத் தூக்கி வைக்கிற வேலையில் அந்த வித்தியாசம் தோளில் தெரிகிறது.

ஒடிவது பெரும்பாலும் இறக்கத்தில். நுனி இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போய்விடும். கார்பன் குழாய் நேராக அழுத்தும் எடையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் வளைத்தால் படாரென்று இரண்டாகிவிடும். பாறையில் உரசிய சின்ன வெட்டுக்கூட அந்த முறிவுக்குத் தொடக்கமாகலாம். அதனால் ஓட்டத்துக்கு முந்தைய நாள் குழாய் முழுக்க நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். அலுமினியம் கனம்தான், ஆனால் வளைந்து நிற்கும்; மெதுவாக நிமிர்த்தி அடுத்த முகாம் வரை ஒப்பேற்றலாம். நீளவாக்கில் பிளந்த 10 செ.மீ. அலுமினியக் குழாய்த் துண்டும் கொஞ்சம் துணி டேப்பும் பையில் இருந்தால், முறிந்த இடத்தில் சிம்பு வைத்துக் கட்டலாம்.

டோரில் வழியிலுள்ள ஆறு பெரிய முகாம்களுக்கும், நீங்கள் சுமக்காமல் ஏற்பாட்டாளர்களிடம் கொடுத்தனுப்பும் பை வந்து சேரும். விதி இடம் கொடுத்தால் அதில் அலுமினிய ஜோடி ஒன்றை வையுங்கள். எல்லாப் போட்டியிலும் இது நடக்காது: மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி போட்டியில் கோலைப் பையில் வைத்து அனுப்ப முடியாது, கொண்டு கிளம்பினால் கடைசிவரை சுமக்கவும் வேண்டும்.

அடுத்த பலவீனம், மூன்று துண்டுகளையும் இணைத்து உள்ளே ஓடும் கயிறு. மூட்டின் விளிம்பில் உரசி உரசி நார் பிரியும். கோலை மடக்கி, வெளியே தெரியும் கயிற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டிய பிறகும் மூட்டு ஆடினால் கயிறு தளர்ந்திருக்கிறது. சில மாடல்களில் அதை இறுக்கத் திருகு உண்டு. பூட்டுப் பொத்தானில் மணல் புகுந்தால் முழுதாக வெளிவராது, பாரம் விழும் நேரத்தில் கோல் மடங்கிவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், மண் இன்னும் ஒட்டும்.

நீளம்: சமதரையில் ஊன்றும்போது முழங்கை செங்கோணத்தில் இருக்கட்டும். இரண்டு அளவுக்கு நடுவே குழப்பமென்றால், இவ்வளவு ஏற்றமுள்ள ஓட்டத்துக்குக் குட்டையானதே மேல்.

பிடியில் உள்ள கைவாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைக்க வேண்டும். பாரம் வாரில் இறங்கினால் பிடியை இறுக்கத் தேவையில்லை. நாள்கணக்கில் இறுக்கிப் பிடித்தால் விரல்கள் மரத்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாள் கை வீங்கலாம், அப்போது வாரைத் தளர்த்துங்கள். டோரில் ஷாம்போர்ஷே கணவாயிலிருந்து டோனாஸ் ஊர் வரை சுமார் 2,500 மீட்டர் இறக்கம். அதுபோன்ற இடங்களில் பாறைப் பகுதி வந்தால் கையை வாரிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. மாட்டிய கோலோடு விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியும் ஆபத்து உண்டு.

டங்ஸ்டன் கார்பைடு நுனி தேய்ந்து மழுங்கினால் ஈரப்பாறையில் வழுக்கும். பல மாடல்களில் நுனியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.