அணை நிறைந்தால் அம்மாவுக்குத் தூக்கமில்லை: 14416 மனநல உதவி எண் அனுபவம்

பவானியில் ஆற்றோரத் தெருவில் எங்கள் வீடு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது, வீட்டில் முதலில் நிறைந்தது அம்மாவின் தறிக்குழி. ஜமக்காளத்துக்குக் குழித்தறிதான், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். பாதி நெய்தது பாவோடு ஊறிக் கிடந்தது. ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வந்து வீட்டைக் கழுவி, குழியை இறைத்து, தறியும் ஓட ஆரம்பித்ததும், சரி, முடிந்தது என்று நினைத்தோம்.

அம்மாவுக்கு முடியவில்லை. 2024 ஜூலையில் அணை மறுபடி 120 அடியை நெருங்கியதும் தூக்கம் போய்விட்டது. ரேஷன் கார்டும் பட்டாவும் பிளாஸ்டிக் பையில், தலையணைக்கு அடியில். நடுராத்திரி எழுந்து தறிக்குழிக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு தனியார் மருத்துவமனையில் என்ன நடந்தது என்றுகூடக் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் 14416. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. இது தொடங்கியதே 2022 அக்டோபரில், எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து இரண்டு மாதம் கழித்து. மொழியைத் தேர்ந்தெடுக்க எண்ணை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு நாம் அழுத்திக் கொடுத்துவிடுவது நல்லது.

பேசிய பெண் "சொல்லுங்கம்மா" என்று மட்டும்தான் சொன்னார். எங்களிடம் இரண்டு வருடமாகச் சொல்லாததை அம்மா அவரிடம் சொன்னார்: "குழியில கால் வெக்கவே பயமா இருக்குதுங்க அம்மணி. தண்ணி காலப் புடிக்கிற மாதிரியே இருக்குது." அந்தப் பயத்தோடுதான் தினமும் நெய்திருக்கிறார்.

இது பைத்தியம் இல்லை, வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதே பருவமும் அதே அறிவிப்பும் வந்தால் உடம்பு பழைய பயத்துக்குத் திரும்பும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். பலருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடுமாம்; தணியாமல் தூக்கத்தைக் கெடுத்தால் விட்டுவிடக் கூடாது. மூச்சை மெல்ல விடச் சொல்லிக் கொடுத்தார். பையைக் கதவோரம் மாட்டுங்கள், ராத்திரி அணை நிலவரத்தை மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார், பார்த்தோம்.

குமாரபாளையம், பள்ளிபாளையம், கருங்கல்பாளையம் பக்கம் இப்படித் தூங்காத பெரியவர்கள் இருந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். கூப்பிடுங்கள்.

போன வருடம் அணை நிறைந்தபோது பை ஆணியில்தான் தொங்கியது. இரண்டு ராத்திரி மட்டும் அம்மா என்னை எழுப்பினார். "எத்தன அடி சாமி?" சொன்னேன். போய்ப் படுத்துக்கொண்டார்.