சவுக்கும் கட்டுக்கம்பியுமா, போல்ட் போட்ட பேனலா? சைட் அடைப்பில் நான் எடுத்த முடிவு

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி வாட்ச்மேன் போன் செய்தார். "சார், ரோட்டுப் பக்கம் தகரம் பூரா படுத்துடுச்சு சார்." சென்னை பெரும்பாக்கம் பக்கத்தில் அடுக்குமாடி வேலை அது. போய்ப் பார்த்தால் சைட்டைச் சுற்றிப் போட்டிருந்த தகர அடைப்பு 60 அடி நீளத்துக்குப் பாய் விரித்தது போல ரோட்டில் கிடந்தது. அடியில் இரண்டு பைக். ஆள் யாரும் சிக்கவில்லை என்று டார்ச் அடித்து ஒவ்வொரு தகரமாகத் தூக்கிப் பார்க்கும் வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. காலையில் அதே இடத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பார்கள்.

அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. சாதாரண மழைக்காற்று. அதனால்தான் அதை அப்படியே தூக்கி நிறுத்திக் கட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் விழுந்த இடத்தை முழுக்க நடந்து பார்த்தேன். கம்புகள் பெரும்பாலும் முறியவில்லை. தகரமும் கிழிந்து பறக்கவில்லை. விட்டுப்போனதெல்லாம் கட்டுகள். அடுத்த சைட்டுக்கு இரும்பு ஃபிரேம் பேனல்களுக்கு மாறினேன். இப்போது அவை மூன்றாவது சைட்டில் நிற்கின்றன.

நம் ஊரில் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 5 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூன்று வரிசை கம்பு வைத்துக் கட்டி, அதன் மேல் 8 அடி ஜிஐ ஷீட்டை (துத்தநாகம் பூசிய தகரம்) நிறுத்தி, ஆணியால் துளை போட்டுக் கட்டுக்கம்பியால் முறுக்குவது. ஒரு மேஸ்திரியும் நாலு ஆட்களும் இருந்தால் இரண்டு நாளில் வேலை முடியும். ஃபிரேம் பேனல் என்றால் 40க்கு 40 எம்எம் ஸ்கொயர் பைப்பில் 8 அடி உயரம், 6 அடி அகலத்துக்குச் சட்டம் வெல்டிங் செய்து, ஷீட்டை அதில் ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாகப் பதித்துவிடுவது. பின்னால் சாய்வு முட்டு. பேனலுக்குப் பேனல் போல்ட். பச்சை வலையை மட்டும் கட்டி அடைப்பு என்று சொல்வதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆளைத் தடுக்காது.

ஃபிரேம் பேனலுக்கு முதலில் கையை விட்டுப் போகும் பணம் அதிகம். எனக்கு சவுக்கு அடைப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. பார்வைக்கு எது நன்றாக இருக்கும் என்பதும் சொல்லத் தேவையில்லை. இவற்றைத் தாண்டி முடிவு செய்ய வேண்டிய இடம் ஒன்றுதான்: இணைப்பு எத்தனை, அதை யார், எத்தனை நாளைக்கு ஒரு தரம் பார்ப்பது?

என் சைட்டின் சுற்றளவு 400 அடி. சவுக்கு முறையில் 80 கம்பு. கம்புக்கு மூன்று கட்டு என்றால் 240. மூன்றரை அடி அகல ஷீட்டில் அரை அடி பக்கத்து ஷீட்டின் மேல் ஏறினால் மீதி 3 அடி. ஆக 133 ஷீட். ஷீட்டுக்கு ஆறு கட்டு போட்டால் கிட்டத்தட்ட 800. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆயிரம் முறுக்குகளை எந்த மேஸ்திரி மாதாமாதம் கையால் ஆட்டிப் பார்ப்பார்? யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஃபிரேம் முறையில் அதே 400 அடிக்கு 67 பேனல், இணைப்புக்கு இரண்டு போல்ட், மொத்தம் 134. ஒரு ஆள் கையில் 19 எம்எம் ஸ்பானரோடு காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடுவார்.

எண்ணிக்கை போகட்டும். கட்டு ஏன் தளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். லாரியில் வந்து இறங்கும் சவுக்கு பெரும்பாலும் பச்சை மரம். வெயிலில் காயக் காயச் சுருங்கும். கட்டிய அன்று இறுக்கமாக இருந்த கம்பி இரண்டு மாதத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளப்பாகிவிடும். கட்டுக்கம்பியோ கம்பி கட்டும் வேலைக்காகச் சூடேற்றிப் பதமாக்கிய கறுப்புக் கம்பி. துத்தநாகப் பூச்சு கிடையாது. கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் கவலை இல்லை, மழையில் நின்றால் துரு தின்னும். போதாததற்கு ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் கோடையில் மதியமானால் கடல்காற்று வந்துவிடும். அந்தக் காற்று அடைப்பைத் தள்ளிவிடாது. தினமும் மூன்று நாலு மணி நேரம் ஷீட்டை லேசாக அடித்துக்கொண்டே இருக்கும். அந்த 'டப் டப்' சத்தத்தோடு கட்டு ஒவ்வொன்றும் தேய்கிறது, ஷீட்டில் போட்ட ஆணித்துளை நீளவாக்கில் அகலமாகிறது. ஐப்பசிக்கு முன்பே என் அடைப்பு உள்ளுக்குள் விட்டுப்போயிருந்தது என்று இப்போது புரிகிறது.

காற்றின் தள்ளுவிசைக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை வர்க்கமாக்கி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு 20 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 240 நியூட்டன். 8க்கு 6 அடி பேனலின் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். அந்த ஒரு பேனல் மேல் விழும் தள்ளு கிட்டத்தட்ட 110 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. இந்தியக் காற்றுச்சுமைத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. கோவையில் நின்ற அடைப்பு அதே அளவில் சென்னையில் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது இந்த நகரம் பார்த்ததை மறந்திருக்க மாட்டோம்.

அதனால் பேனலுக்குப் பேனல் தனி முட்டு வைத்தேன். 5 அடி பின்னால் முட்டின் கால், அதன் மேல் மணல் நிரப்பிய இரண்டு சிமென்ட் சாக்கு, தள்ளு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் தாங்க காலோடு சேர்த்து 3 அடி இரும்பு ராடு முளை. சாக்கு ஒன்று ஏறத்தாழ 50 கிலோ வரும். சவுக்கு அடைப்பில் குறுக்குக் கம்பு நீளமாக ஓடுவதால் ஒரு இடம் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. என் 60 அடி அப்படித்தான் போனது. களிமண் பூமியில் மழை ஊறிய பிறகு 2 அடி ஆழக் குழிக்குப் பிடிமானம் என்ன இருக்கும்?

இணைப்பு விஷயத்தில் முதல் தடவை நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பேனலின் ஓரச் சட்டத்தில் நேராகத் துளை போட்டு 12 எம்எம் போல்ட் கோர்க்கச் சொன்னேன். பட்டறையில் சமதளத்தில் அழகாகப் பொருந்தியது. சைட்டில் தரை ஒரு பக்கம் 3 அங்குலம் இறங்கியதும் ஒரு துளையும் மற்றதோடு சேரவில்லை. ஆட்கள் கடப்பாரையால் நெம்பிச் சேர்த்தார்கள், சட்டம் முறுக்கிக்கொண்டது. வெல்டர் தம்பிதான் வழி சொன்னார். "சார், துளை வேணாம். ஃபிளாட்டுல நீளக் காடி வெட்டிடலாம், மேலயும் கீழயும் விளையாட இடம் கிடைக்கும்." 5 எம்எம் ஃபிளாட்டில் (பட்டை இரும்பு) 40 எம்எம் நீளத்துக்குக் காடி வெட்டி, ஒவ்வொரு பேனலின் ஓரத்திலும் மேலிருந்து ஒன்றரை அடியில் ஒன்று, கீழிருந்து ஒன்றரை அடியில் ஒன்று என்று பற்றவைத்தோம். அதற்குப் பிறகு சரிவான பக்கத்திலும் படிப்படியாக இறக்கிக்கொண்டே போக முடிந்தது.

போல்ட் எது என்பதும் முக்கியம். ரோட்டுப் பக்கம் தலை உருண்டையாக, கழுத்து சதுரமாக இருக்கும் கேரியேஜ் போல்ட் போடுங்கள். வெளியிலிருந்து ஸ்பானர் வைக்க இடம் இருக்காது. நட்டு முழுக்க உள்பக்கம். சாதாரண போல்ட் போட்ட முதல் மாதத்தில் 11 நட்டு காணாமல் போனது. நட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்த்தேன், அதே கடல்காற்றில் அதுவும் தளர்ந்தது. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போட்டதும் பெரும்பாலும் நின்றுவிட்டது. முதல் வாரத்தில் ஒரு தரம் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குவோம், அப்புறம் மாதம் ஒரு சுற்று, வடகிழக்குப் பருவமழை நாட்களில் வாரம் ஒரு சுற்று. பார்த்த பேனலின் மேல் மூலையில் சாக்பீஸால் தேதி எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதாத பேனல் பார்க்காத பேனல்.

ஃபிரேமுக்கு வியாதி வராது என்று நினைக்க வேண்டாம். வெல்டிங் செய்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். ஜிஐ பைப் வாங்கினாலும் பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அங்கே ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பூசாமல் விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. அடியில் 2, 3 அங்குலம் இடைவெளி விட வேண்டும். தோண்டிய மண்ணை அடைப்பின் மேல் சாய்த்துக் குவிப்பது நம் சைட்களில் மாறாத பழக்கம். ஈரமண் ஷீட்டை அரிப்பதோடு பேனலை வெளியே தள்ளிக்கொண்டும் இருக்கும். இதை நான் தினமும் சத்தம் போட்டுத்தான் தடுக்கிறேன். இன்னொன்றுக்கும் சத்தம் போடுவேன்: அடைப்பின் மேல் வயரை ஓட்டக் கூடாது. வயரின் மேலுறை ஒரு இடத்தில் உரிந்தால் 400 அடி இரும்பும் கரண்டாகிவிடும். மழையில் அதன் மேல் கை வைப்பது யாரோ ஒரு வழிப்போக்கராக இருக்கும். தனி மரக்கம்பில் வயரைக் கொண்டுபோங்கள், அடைப்புக்கு எர்த்தும் கொடுங்கள்.

பணத்துக்கு வருவோம். சவுக்கு அடைப்பைப் பிரித்தால் கம்பில் பாதி அடிப்பக்கம் கறையான் அரித்தோ உளுத்தோ விறகுக்குப் போகும். ஷீட் தேறும் என்பார்கள். 800 கட்டுக்கு, கட்டுக்கு இரண்டு துளை. 1600 ஆணித்துளை வாங்கிய ஷீட்டை அடுத்த சைட்டில் பழைய துளையிலேயே கட்ட முடியாது, புதிதாகத் துளை போட வேண்டும். மூன்றாவது சைட்டில் அது காயலான் கடைச் சரக்கு. ஃபிரேம் பேனலில் ஷீட் சட்டத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்ற வேண்டியதுதான். ஒரு பேனல் 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 67 பேனலில் இதுவரை நான் கழித்துப் போட்டது 4. அதில் மூன்று லாரி ரிவர்ஸில் இடித்தவை. கடைசியில் ஸ்கிராப்புக்குப் போட்டாலும் பைப்புக்கு எடை இருக்கிறது. இரண்டாவது சைட் முடியும்போதே கூடுதலாகப் போட்ட பணம் எனக்குத் திரும்பிவிட்டது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வெளிநாடுகளில் சைட் என்றாலே அதுதான்: மூன்றரை மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் கம்பிவலைப் பேனல், கீழே ரப்பர் அல்லது கான்கிரீட் கால், பேனலுக்குப் பேனல் கிளாம்ப். இங்கிலாந்தில் ஹெராஸ் என்ற டச்சு நிறுவனத்தின் பெயரே அந்த வேலிக்குப் பெயராகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் தற்காலிக வேலிக்கென்றே ஏஎஸ் 4687 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். நான் இதை ஒரு சாலையோரக் குழாய் வேலைக்கு வாடகைக்கு எடுத்து 2 மாதம் மட்டுமே பயன்படுத்தினேன், அதுவும் கோடையில். அந்த அனுபவத்தை வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்ல மாட்டேன். காற்று வலைக்குள் புகுந்து போய்விடுவதால் தள்ளு குறைவு. இரண்டு ஆள் அரை நாளில் நூறு அடிக்கு மேல் நகர்த்தினார்கள். தெருமுனையில் வண்டி ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரிந்தது. அந்த ஒரு காரணத்துக்காக இப்போதும் முனை திரும்பும் இடத்தில் 2 பேனல் மட்டும் வலை வைக்கிறேன். ஆனால் தூசியை அது தடுக்காது. தடுக்கட்டும் என்று பச்சை வலையை அதன் மேல் கட்டினால் பாய்மரம் ஆகிவிடும்; அந்தக் கால் அதற்குப் போதாது.

2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த தூசி விதிகளில், காற்றின் மாசு அளவு மீறிய நகரங்களில் கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை காற்றுத் தடுப்பு வேண்டும் என்று இருக்கிறது. அந்த உயரத்துக்கு என் பேனலை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. அதற்கு அடித்தளம், தூண் என்று கணக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

தனி வீடு கட்டுகிறீர்கள், ஆறு ஏழு மாத வேலை, அடுத்து ஒரு சைட் கையில் இல்லை என்றால் சவுக்கே போதும். ஆனால் ரோட்டைப் பார்த்த பக்கத்துக்கு மட்டுமாவது கட்டுக்கம்பியை விட்டுவிட்டு சாரத்துக்குப் போடும் பைப்பும் கிளாம்பும் வாடகைக்கு எடுத்து முட்டு கொடுங்கள். முறுக்கிய கம்பியின் முனை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் உள்பக்கம் மடக்கிவிடுங்கள். பிள்ளைகள் கண் உயரத்தில்தான் அது இருக்கும்.

புதிதாகப் பேனல் செய்யக் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் 6 அடியிலேயே செய்துவிடாதீர்கள். பத்துக்கு ஒன்று 3 அடி அகலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா சைட்டின் சுற்றளவும் ஆறால் வகுபட்டுவிடாது. என் இப்போதைய சைட்டில் வடகிழக்கு மூலையில் 2 அடி இடைவெளி விழுந்து, அங்கே மட்டும் ஒரு பழைய ஷீட்டைக் கட்டுக்கம்பியால்தான் கட்டி வைத்திருக்கிறேன். வாரா வாரம் சாக்பீஸோடு போகும் ஆள் முதலில் ஆட்டிப் பார்ப்பது அந்த மூலையைத்தான்.