புள்ளியா, வைரமா, நட்சத்திரமா: நாணயத்தின் மின்ட் பார்க்க எந்தக் கருவி?

இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பார்த்தால் அது எந்த மின்ட்டில், அதாவது எந்த நாணயச் சாலையில், அடித்தது என்று தெரியும். இப்போது புழக்கத்தில் இருப்பவற்றில் வைர வடிவம் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத், உருண்டைப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பாடம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறி கடுகளவுகூட இருக்காது. பல வருஷம் கைமாறிய ஒரு ரூபாயில் வைரத்தின் முனைகள் மழுங்கிப் புள்ளியாகிவிடும், நட்சத்திரம் வெறும் மேடாக நிற்கும். அதனால்தான் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்: லென்ஸ் வாங்கட்டுமா, போன் கேமராவே போதுமா, இல்லை யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்புக்கே போய்விடலாமா?

என் ஓட்டு பத்து மடங்கு லென்ஸுக்கு. நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ்தான். ‘ட்ரிப்ளெட்’ என்று கேட்டு வாங்குங்கள், மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது, ஓரங்களில் நிறக்கோடு தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, நாணயத்தை லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸை நாணயத்தின் மேல் பிடித்து எட்டியிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று லென்ஸைக் குறை சொல்கிறார்கள். ‘30 மடங்கு’ என்று பொறித்து மலிவாக விற்கும் லென்ஸ்களில் பல, அந்த அளவுக்கு அருகில்கூட வராது. அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

லென்ஸின் பெரிய பலம், நாணயத்தை விரலில் பிடித்துச் சுழற்றிக்கொண்டே பார்க்க முடிவது. மேஜை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்து, ஓரத்தைப் பிடித்து நாணயத்தை மெதுவாகச் சுற்றுங்கள். புள்ளி என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிழல் ஒரே மாதிரி வளைந்து விழும். வைரமாக இருந்து, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், ஏதோ ஒரு கோணத்தில் நேரான விளிம்பு ஒன்று பளிச்சிட்டு மறையும். நட்சத்திரத்தில் அந்தப் பளிச்சிடல் விட்டுவிட்டு வரும். ஒரே கோணத்தில் எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது கிடைக்காது. என்னைக் கேட்டால், மின்ட் பார்க்கும் வேலையில் பாதிக்கு மேல் வெளிச்சம்தான், மிச்சம்தான் கண்ணாடி.

போன் கேமரா ஏற்கெனவே கையில் இருக்கிறது. படத்தை நாலு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம். இதில் லென்ஸ் தோற்றுத்தான் போகிறது. ஆனால் மலிவு போன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா பேருக்குத்தான். அதைவிட, பிரதான கேமராவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தெளிவாக வரும். ரொம்ப நெருங்கினால் போனின் நிழலே நாணயத்தை மூடிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று போன் தானாகவே விளிம்புகளை அழுத்தமாக்கிவிடும், சின்னக் கீறலும் எழுத்தின் இரட்டைக் கோடாகத் தெரியும். ‘டபுள் டை (அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்தது), அரிய நாணயம்’ என்று இணையத்தில் கூவி விற்கும் படங்களில் கொஞ்சமாவது இந்தக் கூர்மையாக்கல் செய்த வேலை என்பது என் சந்தேகம்.

யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பின் பெட்டியில் போட்டிருக்கும் ‘1000 மடங்கு’ திரையின் அளவையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நாணயத்துக்கு 20 முதல் 50 வரை தாராளம். அதற்கு மேலே போனால் தெரிவது அழுக்கும் கீறலும்தான். முனையைச் சுற்றியிருக்கும் எல்இடி வளையம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் அடிப்பதால் நிழலே விழாது, எஃகு நாணயத்தில் கண் கூசும். வளையத்தை முடிந்தவரை குறைத்துவிட்டு அதே மேஜை விளக்கைப் பக்கத்தில் வையுங்கள்.

ஆனால் எழுத்தோ உருவமோ இரண்டாகத் தெரியும் இரட்டிப்பு எந்த வகை என்று பிரித்துச் சொல்வதில் மைக்ரோஸ்கோப்தான் ஜெயிக்கும். அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டாவது உருவமும் மேடாக, உருண்டு நிற்கும், எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும். அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தது என்றால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையாக ஒரு படி இறங்கியிருக்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது முதல் வகையை. வெளிநாட்டில் அடித்து வந்த நாணயங்களுக்கும் மைக்ரோஸ்கோப் உதவும். 1997 ஒரு ரூபாயில் மெக்சிகோவின் குறி, எம் எழுத்தின் தலையில் சின்ன வட்டம். 1998 இரண்டு ரூபாயில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா மின்ட்டின் குறி, நீள்வட்டத்துக்குள் எம். இரண்டிலும் எம் இருப்பதால், தேய்ந்துவிட்டால் பழகியவர்களே தடுமாறுவார்கள். 1999 ஐந்து ரூபாயில் மாஸ்கோ மின்ட்டின் குறி ரஷ்ய எழுத்தில் இருப்பதால் அவ்வளவு குழப்பம் இல்லை.

கொல்கத்தாவிடம் இந்த மூன்று கருவிகளும் திணறும். இல்லாத குறியை எதை வைத்துப் பெரிதாக்குவது? அச்சில் எண்ணெயும் தூசும் அடைத்துக்கொண்டால் மும்பை நாணயத்திலும் வைரம் விழாமல் போகும், அதைக் கொல்கத்தா என்று எடுத்து வைத்துவிடுவோம். அப்புறம் என்ன செய்வது? குறி இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஆண்டு எண்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கேயும் வரி மங்கலாக இருந்தால் அடைத்த அச்சாக இருக்கலாம். எண்கள் கூர்மையாக இருந்து கீழே மட்டும் காலியாக இருந்தால் கொல்கத்தா என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதே ஆண்டின் சந்தேகமில்லாத நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: ஆண்டுக்குக் கீழே ஒட்டிக் காய்ந்த அழுக்கு, கொல்கத்தா நாணயத்தை நொய்டாவாக்கிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் நாணயத்தின் மதிப்பும் சேர்ந்தே கரைந்துவிடும்.

கண்ணால் முடியாத வேலைக்குத் தராசும் காந்தமும். மின்ட் எது என்று இவை சொல்லாது, உலோக வகையைச் சொல்லும். ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் வந்த தாமிர-நிக்கல் நாணயம் 9 கிராம், 2007-இல் வந்த எஃகு நாணயம் 6 கிராம், 2009-இன் நிக்கல்-பித்தளையும் 6 கிராம். மூன்றுக்கும் விட்டம் 23 மில்லிமீட்டர். முதல் வித்தியாசத்தைச் சமையலறைத் தராசே காட்டிவிடும். பின்னிரண்டில் தராசு பயன்படாது, காந்தம் ஒட்டினால் எஃகு, சரி, வேலை முடிந்தது. வேறு நாணயத்துக்கான தகட்டில் தவறாக அடித்த நாணயமோ என்று சந்தேகம் வந்தால்தான் 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. அப்போதும் தேய்மானத்தால் எடை கொஞ்சம் குறையும் என்பதால், அதே வகையில் அதே அளவு தேய்ந்த நாணயங்கள் சிலவற்றையும் நிறுத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.