5600ஜியா, 12100எஃப்பும் பழைய கார்டுமா?

ஹட்டனில் தம்பிக்குக் குறைந்த செலவில் ஒரு கேமிங் கொம்பியூட்டர் கட்ட உட்கார்ந்தபோது, கடைசியில் இரண்டு வழிதான் மிஞ்சியது.

முதலாவது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி ப்ராசசர். ஆறு கோர், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வெலோரன்ட் விளையாட்டை குறைந்த செட்டிங்கில் தாராளமாக ஓட்டும். ஆனால் ராம் வாங்கும்போது கவனம் வேண்டும். ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடாமல் 8 ஜிபியாக இரண்டு போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒற்றை ஸ்டிக்கில் அதன் வேகம் நன்றாகவே விழுந்துவிடும்.

மற்றது இன்டெலின் கோர் ஐ3 12100எஃப் ப்ராசசர், கூடவே பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. நான்கு கோர்தான், ஆனாலும் விளையாட்டில் இது வெகுதூரம் முன்னே நிற்கும். சிக்கல் கார்டில்தான். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டும் வேலை) நின்ற பிறகு, இரவு பகலாக உழைத்த கார்டுகள் நிறையவே சந்தைக்கு வந்தன. வாங்குமுன் மின்விசிறியை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும். அப்புறம், கார்டு மட்டுமே 185 வாட் வரை இழுக்கும், எஃப் சிப்பில் உள் கிராபிக்ஸ் இல்லாததால் கார்டு போனால் திரையும் போய்விடும்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். சிறிய யூபிஎஸ் தாங்கக்கூடியது 5600ஜிதான். அதையே வாங்கினேன். கார்டு பிறகு போடலாம் என்று 550 வாட் பவர் சப்ளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.